பாட்டு நிற்கும் வரை

கழுத்தை அளந்துவிட்டுப் போனவள் இன்னும் வரவில்லை. ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி நாடாவைச் சுற்றி, உள்ளே ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்து, "கரெக்டா இருக்குக்கா, புதுசா எதுவும் வெட்ட வேணாம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். சட்டையில் ஷர்மி என்று பெயர் தைத்திருந்தது. சின்னப் பெண். எனக்குச் சரியாக இருக்கிறதாம். செத்தவளுடைய சேலை பொருந்துகிறது என்று யாராவது சொன்னால்கூட வாங்கிக் கட்டுவதற்கு ஒரு நாள் யோசித்திருப்பேன். இது சேலை இல்லை, தொண்டைக்குள் வைக்கிற பெட்டி. தில்லைக்கரசியின் கழுத்திலிருந்து எடுத்து, கழுவி, துடைத்து, இப்போது என் கழுத்துக்கு. கபடி கிளப்பின் சொத்து, வீணாகப் போகக் கூடாது என்றார் மேனேஜர் சத்தியசீலன். அவருக்கு எதுவுமே வீணாகப் போகக் கூடாது. விடுதியில் ராத்திரி மீந்த சப்பாத்தியைக் காலையில் கொத்திப் போடச் சொல்கிற மனுஷன். இன்றைக்குச் சாயங்காலம் பெட்டியை வைத்துவிட்டால் நாளைக் காலையில் நேராக விசாரணைக்குப் போய்விடலாம், ரெஜினாம்மா, ஒரே அலைச்சலில் ரெண்டும் முடிந்துவிடும் என்றார். தில்லை எப்படிச் செத்தாள் என்று லீக்காரர்கள் கேட்கப் போவதும், தில்லையின் பெட்டி என் கழுத்தில் ஏறுவதும் அவருக்கு ஒரே அலைச்சலில் முடிகிற ரெண்டு வேலை, பால் பாக்கெட்டும் கறிவேப்பிலையும் வாங்கி வருகிற மாதிரி. நானும் தலையை ஆட்டினேன். அதுதான் எனக்கு என்மேலேயே வயிற்றெரிச்சல். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

இந்த அறைக்கு ஜன்னல் வைக்காமல் இருந்திருக்கலாம். கீழே ராயபுரம் தெருவில் கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, ஓதம் ஏறுகிற நேரம், பஸ் நிறுத்தத்துக் கம்பியில் எவனோ படகைக் கட்டிவிட்டு முதல் மாடி டீக்கடைக்கு ஏறிப் போகிறான். எதிர்க் கட்டடத்தின் சுவர் முழுக்கத் தில்லை. விளம்பரத்தை இன்னும் இறக்கவில்லை. முகம்கூட இல்லை, கழுத்துதான், நரம்பு புடைத்து, வியர்வை வழிய, தொண்டையில் அந்தப் பெட்டி நீலமாக மினுங்க, கீழே பெரிய எழுத்தில் மூச்சுக்கு எல்லை இல்லை என்று. எல்லை இல்லையாம். வாய் கூசாமல் போட்டிருக்கிறார்கள். முதலில் அந்தச் சுவரைப் பார்த்தபோது தில்லை விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருடி இது, எங்க ஊரு எருமையாட்டம் இருக்கு கழுத்து" என்றாள். புவனகிரிப் பக்கம் அவள் ஊர், பேச்செல்லாம் அந்தப் பக்கத்துப் பேச்சு, நான் காசிமேடு, என் பேச்சை அவளும் அவள் பேச்சை நானும் கிண்டலடித்தே ஆறு சீசன் ஒரே அறையில் ஓட்டிவிட்டோம். அவள் பாடிப் போகிறவள், நான் மூலையில் நின்று பிடிக்கிறவள். கபடியில் இந்த இரண்டு ஜாதிக்கும் ஆகாது என்பார்கள், எங்களுக்கு ஆனது. ஏசி கழுத்துக்கு நேராக அடிக்கிறது. எழுந்து இடம் மாறி உட்காரலாம். எழுந்தால் கதவு பக்கத்தில் இருக்கிறது. கதவைப் பற்றி நினைக்காமல் இருப்பது நல்லது.

கையை மடியில் வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது. அந்த நாளிலிருந்து இப்படித்தான். விரல் பத்தும் கிளப் போட்டது, உள்ளே எலும்புக்குப் பதில் வேறு என்னவோ, நுனியில் தோலுக்கடியில் உணர்வான்கள். ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்தால் அவள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பது அவள் திரும்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், சதை துடிக்கிற துடிப்பில். நாடிகூடத் தெரியும். வைத்த புதிதில் விடுதியில் எல்லோரும் என்னிடம் கையை நீட்டிக் காய்ச்சல் பார்க்கச் சொல்வார்கள். காலைப் பிடித்தால் போதும், இவளுக்கு இன்றைக்குத் தீட்டு என்றுகூடச் சொல்லிவிடுவேன் என்று தில்லை ஊரெல்லாம் கதை கட்டினாள். இந்தக் கையும் என்னுடையது இல்லைதான். கிளப்பை விட்டுப் போனால் விரலுக்கான அனுமதியை நிறுத்திவிடுவார்கள். கஸ்தூரி போனாளே, எனக்கு முன்பு இந்த மூலையில் நின்றவள். சம்பளத் தகராறு இல்லை, ஒன்றுமில்லை, சத்தியசீலனைக் கை நீட்டி அறைந்தாள், போய்விட்டாள். பிறகு தண்டையார்பேட்டையில் அவளைப் பார்த்தேன், தங்கச்சி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வா ரெஜி என்று சிரித்தாள் கஸ்தூரி. கை இரண்டும் மடியில் துணி மாதிரி கிடந்தன. அந்தச் சிரிப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, நான் தலையை ஆட்டினதற்குக் காரணம் இருக்கிறது, யாரும் என்னைச் சும்மா திட்ட வேண்டாம். யார் திட்டினார்கள். யாரும் திட்டவில்லை. அதுதானே பிரச்சினையே.

யாராவது திட்டியிருக்கலாம். தில்லையின் அம்மா திட்டியிருக்கலாம். அஞ்சலாட்சி என்று பெயர், இறால் பண்ணையில் வேலை, உடம்பை வாங்க வந்தபோதுகூட உள்ளங்கை உப்பில் வெடித்துக் கிடந்தது. பிணவறை வாசலில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கடைசியில் நான்தான் அவளைப் பிடித்திருந்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எதற்காகப் பிடித்திருந்தேன் என்று சொல்லவில்லை. கபடி பார்க்கிற வழக்கமெல்லாம் அந்த அம்மாவுக்குக் கிடையாது, மகள் அடிபடுவதைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆகவே பிடித்திருந்தேன் என்றால் பிடித்திருந்தேன், மடியில் போட்டு, தலையைக் கோதி, சிநேகிதி சிநேகிதியைப் பிடிப்பது மாதிரி. என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தாயி, எம் புள்ள தனியா போவலியே, நீ புடிச்சிக்கிட்டு இருந்தியே, அது போதும் எனக்கு" என்றார். என் விரல் நுனியில் அவருடைய இமை துடிப்பது தெரிந்தது, சூடு தெரிந்தது, ரத்தம் ஓடுவது தெரிந்தது. இல்லம்மா என்று சொல்ல வாய் வந்தது, பின்னால் சத்தியசீலன் நின்றுகொண்டிருந்தார், வாய் மூடிக்கொண்டது. உள்ளே தில்லையின் கழுத்தைப் பட்டுத்துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். மரியாதைக்காகச் சுற்றினது என்று அந்த அம்மா நினைத்திருப்பார். பெட்டியை எடுத்த இடத்தில் ஓட்டை இருந்தது.

சரி, எதற்காகப் பிடித்திருந்தேன். இதை நான் எத்தனை தடவை நினைத்தாலும் ஒரே இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது, கதவில் சேலை மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும் என்று திரும்ப வந்துவிடுகிறேன். முதலிலிருந்து வரலாம். இந்த லீக்கில் ரைடுக்கு நேரக் கணக்கு கிடையாது. பழைய முப்பது வினாடியை எடுத்துவிட்டார்கள். நுரையீரல், முழங்கால், தொண்டை என்று ஆளாளுக்கு என்னென்னவோ வைத்துக்கொண்ட பிறகு முப்பது வினாடி யாருக்குப் போதும், பார்க்கிறவர்களுக்கும் போதவில்லை, பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் போதவில்லை. ஆகவே பாட்டு நிற்கும் வரை ரைடு. கபடி கபடி என்று பாடிக்கொண்டே போகிறவள் பாட்டு அறுந்தால் அவள் அவுட், பாடிக்கொண்டே நடுக்கோட்டுக்கு ஒரு விரல் நீட்டிவிட்டால் அவளைப் பிடித்த அத்தனை பேரும் அவுட். ஆகவே பிடித்தவர்கள் பாட்டு நிற்கிற வரைக்கும் விடக் கூடாது. பிடி, காதைத் தீட்டு, பாட்டு நின்றால் அந்த நொடியே விடு. இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை, வேறு படிப்பு இல்லை. அன்றைக்கு நடந்தது லீக் ஆட்டம்கூட இல்லை. பெட்டி செய்கிற கம்பெனிக்காரர்கள் பார்ப்பதற்காக எங்கள் அணியையே இரண்டாகப் பிரித்து ஆடவிட்ட காட்சி ஆட்டம். தில்லை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். திரையில் பாட்டின் நீளம் பெரிய எண்ணாக ஏறிக்கொண்டே போகும், இதுவரை யாரும் தொடாத நீளத்தை இன்று தொடப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே இருந்தான் ஒருத்தன். பெட்டி தானாகப் பாடாது, அது சட்டம். மூச்சு இருந்தால்தான் பாடும், இருக்கிற மூச்சைச் சிக்கனமாக இழுத்து நீட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். லீக் சோதனை செய்து முத்திரை போட்டது. அப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்கள், அப்படித்தான் நாங்களும் நம்பினோம்.

அவள் என் மூலைக்குத்தான் வருவாள் என்று தெரியும். வந்தாள். கண்ணைச் சிமிட்டினாள், பாடிக்கொண்டே. கணுக்கால் என் கைக்குள் வந்து விழுந்தது, பூட்டினேன், மற்றவர்கள் மேலே பாய்ந்தார்கள், ஒருத்தி இடுப்பில், ஒருத்தி தோளில், மீதிப் பேர் எங்கே விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, என் முகம் விரிப்பில் அழுந்தியிருந்தது, ரப்பர் வாடை, யாருடைய முழங்காலோ என் விலாவில். அடியில் அவள். மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அரங்கம் முழுக்க, பெட்டியிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போய் நாலா பக்கமும். அவள் இழுத்தாள், திருப்பினாள், நான் விடவில்லை. பிறகு கால் தளர்ந்தது. இங்கேதான் மாட்டுகிறது. தளர்ந்தது என்றால் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அது தில்லையின் கால். விடுதியில் அதற்குப் பொணம் போடறது என்று பெயர். பிடிபட்டவள் திடீரென்று உடம்பைச் செத்தது மாதிரி விட்டுவிடுவாள், அய்யோ என்று பிடித்தவள் ஒரு இழை தளர்த்துவாள், அந்த இழையில் பாம்பாக நழுவிப் போய்க் கோட்டைத் தொட்டுவிடுவாள். தில்லையைப் போல் பொணம் போட ஆள் கிடையாது. பயிற்சியில் என்னையே எத்தனை தடவை ஏமாற்றியிருக்கிறாள், ஏமாற்றிவிட்டுக் கோட்டில் உட்கார்ந்துகொண்டு நாக்கை நீட்டுவாள், நீ இரக்கப்பட்டே அவுட் ஆகறவடி என்பாள். ஆகவே கால் தளர்ந்ததும் நான் இன்னும் இறுக்கினேன். இந்தத் தடவை ஏமாற மாட்டேன் என்று சிரித்துக்கொண்டுகூட இறுக்கினேன், சத்தியமாக, விரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

இன்னும் இருக்கிறது, சேலை இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பொணம் போட்டாலும் நாடி இருக்கும். ஓடி வந்த நாடி, குதித்துக்கொண்டு இருக்கும், என் விரலுக்குக் கீழே எத்தனையோ தடவை குதித்திருக்கிறது. அன்றைக்குக் குதித்தது, பிறகு தாறுமாறாகக் குதித்தது, பிறகு இல்லை. கை எனக்குச் சொன்னது. கை பொய் சொல்லாது, அதற்குத் தெரியாது. ஆனால் காதில் பாட்டு. செத்தவள் பாடமாட்டாள், இது குழந்தைக்கும் தெரியும். பாடுகிறாள் என்றால் இருக்கிறாள், விரலில்தான் ஏதோ கோளாறு, ஆட்டம் முடிந்ததும் சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பிடித்திருந்தேன். பாட்டு நின்றபோது மற்றவர்கள் எழுந்தார்கள், நான் கடைசியாக எழுந்தேன். இல்லை, நிற்கவில்லை, எண் சாதனையைத் தொட்டதும் நடுவர் ஊதின விசிலுக்குத்தான் எழுந்தோம். எழுந்த பிறகும் பாடிக்கொண்டிருந்தது. அவளைப் புரட்டினோம், வாய் திறந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது, உதடு அசையவில்லை, கபடி கபடி என்று அரங்கமெல்லாம் கேட்கிறது, கைத்தட்டல் வேறு. முதலில் ஓடி வந்தவர் டாக்டர் இல்லை, சத்தியசீலன். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் மேல் போட்டார். பாட்டு நின்றது. அப்போது எனக்கு அந்த ஆளின் மேல் மரியாதைகூட வந்தது, சாகிறவளைக் காமிரா பார்க்கக் கூடாது என்று மூடுகிறார் பார் என்று. பிறகுதான், எத்தனையோ நாள் கழித்துப் பல் விளக்கும்போது, வாயில் நுரையோடு நின்றுவிட்டேன். முகத்தை மூடவில்லையே அவர். கழுத்தைத்தானே மூடினார். துண்டுக்கு அடியில் அவர் கை எதற்கு இருந்தது.

கேட்டேன். நேராகக் கேட்டேன், அந்த அளவுக்குக் கோழை இல்லை நான். சத்தியசீலன் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, இதை வெளியில் சொல்ல வேண்டாம், தில்லை யாரோ தெரு மெக்கானிக்கிடம் போய்ப் பெட்டியைத் தானாகப் பாடுகிற மாதிரி மாற்றி வைத்திருந்தாள், சாதனை செய்ய வேண்டும் என்ற ஆசையில், நான் பார்த்ததும் பெட்டியை அணைத்துவிட்டேன், செத்த பெண்ணைத் திருடி என்று ஊர் சொல்லக் கூடாது, அதனால்தான் மறைக்கிறோம், அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்குவாரா என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் நம்பாமலும் இருக்க முடியவில்லை. தில்லைக்கு ஆசை உண்டு. ஆசை இல்லாதவள் கழுத்தைக் கிழிக்கக் கொடுப்பாளா. ஒரு நாள் விடுதிக் குழாயடியில் துணி அலசிக்கொண்டே, ரெஜி, சில நேரம் நான் பாடறனா இது பாடுதான்னு எனக்கே வெளங்கலடி என்றாள். அது பயந்து சொன்னதா, பெருமையாகச் சொன்னதா, அல்லது மாற்றி வைத்ததை எனக்குச் சொல்ல வந்தாளா. நான் என்ன சொன்னேன். சோப்பைத் தா என்று சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் என்னைப் பிடித்து இழுக்கிறது, அவள் திருடி என்றால் நான் தப்பித்தேன், அவள் திருடி இல்லை என்றால் யாரோ கொன்றிருக்கிறார்கள், அந்தக் கொலைக்கு நான் கை கொடுத்திருக்கிறேன். பார், எனக்கு எது வசதி என்று தெரிந்துதான் இருக்கிறது. மூன்று வாரமாக அவள் திருடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், காசிமேட்டு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி. தோழியாம் தோழி.

ஒன்று மட்டும் இடிக்கிறது. டி. தில்லைக்கு மூச்சு குறையக் குறைய டி விழுங்கிப் போகும். கபடி கபடி என்று ஆரம்பிப்பாள், பாதி வழியில் கபட் கபட் ஆகும், முடிவில் கப கப என்று வாத்து கத்துகிற மாதிரி இருக்கும், நடுவர்களோடு இதற்காகவே சண்டை வரும். அன்றைக்கு விரிப்பில் முகம் புதைந்து கிடந்தபோது நான் கேட்ட பாட்டில் ஒவ்வொரு டியும் சுத்தமாக விழுந்தது. அவ்வளவு பேர் மேலே கிடக்கும்போது. தெரு மெக்கானிக் பெட்டியைத் திருகலாம், இல்லாத டியை எங்கிருந்து கொண்டு வருவான்.

ஷர்மி வந்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன். அழுதிருக்கிறேன் போல, பார்க்காத மாதிரி இருக்கிறாள், நல்ல பெண். ஆபரேஷனுக்கு முன்னால் குரல் எடுக்க வேண்டுமாம், கூட்டிக்கொண்டு போகிறாள், பக்கத்திலேயே கண்ணாடி அறை, மெத்தை ஒட்டின சுவர், மைக். தில்லையையும் இங்கேதான் கூட்டி வந்திருப்பார்கள், பெட்டி வைப்பதற்கு முந்தின நாள், குரல் கொடுக்கப் போனேன், தொண்டை கட்டிவிட்டது என்று அவள் வந்து சொன்னது ஞாபகம் வருகிறது, அப்போது நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. பெட்டிக்கு உங்க குரல் பழகணும்க்கா, அதுக்குத்தான் என்கிறாள். பாடச் சொல்கிறாள். பிடிக்கிறவளுக்கு ஏது பாட்டு, கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் ஆரம்பிக்கிறேன். கபடி கபடி கபடி. இவ்வளவு நேரம் குளிரில் உட்கார்ந்திருந்ததில் மூச்சு சீக்கிரம் முட்டுகிறது, தம் கட்டிக்கொண்டு போகிறேன், கண் பிதுங்குகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷர்மி கையை ஆட்டி நிறுத்துகிறாள். பாவம், நல்லதாகத்தான் சொல்கிறாள்.

"எதுக்குக்கா கஷ்டப்படுறீங்க. நடுவுல நல்லா மூச்சு வாங்கிக்குங்க. அதையெல்லாம் நாங்க வெட்டி எடுத்துடுவோம். ஒவ்வொரு டியும் க்ளியரா விழுந்தாப் போதும்."

வெட்டி எடுத்துவிடுவார்கள். மூச்சை. வெட்டி எடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன், குரல் சாதாரணமாகத்தான் வருகிறது, ஆச்சரியம். ஒண்ணா சேர்த்துப் பெட்டியில போட்டுருவோம்க்கா, உங்களுக்கு மூச்சு விட்டுப் போனாலும் பெஞ்சுலேருந்து ஓட்டலாம், எல்லாப் பெட்டியிலயும் உண்டே, உங்ககிட்ட சொல்லலையா என்கிறாள். பெஞ்சுலேருந்து யாரு ஓட்டுவாங்க என்று கேட்டதற்கு மேனேஜர் சார்தான் என்றாள். அவளுக்கு அது ரகசியம் என்றுகூடத் தெரியாது. துணி தைக்கிறவளிடம் பித்தானைப் பற்றிக் கேட்ட மாதிரி பதில் சொல்கிறாள். தில்லையும் இந்த மைக்கின் முன்னால் நின்று, மூச்சு வாங்கி, மூச்சு வாங்கி, ஒவ்வொரு டியாகச் சுத்தமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது, கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குவியலுக்கு அடியில் அவளுக்கு மூச்சு முட்டியது, பாட்டு அறுந்தது. அறுந்ததும் நான் விட்டிருப்பேன். எல்லோரும் விட்டிருப்போம். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறினது, நின்றால் விடுவோம். அந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் பாட்டை நிற்கவிடவில்லை. அவள் திருடி இல்லை. மூன்று வாரமாக அவளைத் திருடியாக்கச் சொல்லி மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், நான் நாசமாகப் போக.

இன்னும் முடியவில்லை. திரையில் எழுத்து வருகிறது, படிக்க வேண்டுமாம். ஆபரேஷன் ஆனால் பத்துப் பதினைந்து நாள் பேச வராது, நாளைக்கு விசாரணையில் பெட்டியே பேசிவிடும், நீங்க சும்மா வாயை அசைச்சாப் போதும்க்கா என்கிறாள். படித்துப் பார்க்கிறேன். தில்லைக்கரசி கடைசி வரை தன் சொந்த மூச்சில்தான் பாடினாள். நான் பிடித்திருந்த காலில் துடிப்பு இருந்தது. பாட்டு நின்றதும் நான் விட்டுவிட்டேன். நல்ல தமிழ். ஒரு பிழைகூட இல்லை. என் விரலில் தெரிந்தது சத்தியசீலனுக்கு எப்படித் தெரிந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லையே என்று யோசிக்கிறேன், பிறகு தெரிகிறது, விரலும் கிளப்புடையதுதானே, அவருக்குத் தெரியாமல் இருக்குமா. எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஓட்டியிருக்கிறார். ஷர்மி, வேண்டாம் என்கிறேன், பெட்டி வேண்டாம் என்கிறேன். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று முதலில் சிரித்தாள், பிறகு முகம் மாறிவிட்டது. நான் மேல சொல்லணும்க்கா, சொல்லலன்னா என் வேலை போயிடும் என்கிறாள். "சொன்னா உங்க கை போயிடும்க்கா" என்கிறாள் பிறகு, மெதுவாக, மைக்கைப் பார்த்துக்கொண்டு. சொல்லு, உன் வேலையை நீ பார் என்றேன். கஸ்தூரி மடியில் கிடந்த கைகள் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. எனக்குச் சோறு ஊட்டத் தங்கச்சிகூடக் கிடையாது.

மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே தண்ணீர் மூன்றாவது படி வரைக்கும் ஏறியிருக்கிறது, இறங்கிப் போவதென்றால் முழங்கால் நனையும். நாளைக்கு விசாரணையில் பேசுவேன், வாயைத் திறந்து, இந்தத் தொண்டையால். ஆனால் அதற்கு முன்னால் அந்த அம்மா செய்தியில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஷர்மி இதற்குள் மேலே சொல்லியிருப்பாள். போனை எடுத்து எண்ணைத் தொடுகிறேன், விரல் இன்னும் சொன்னபடி கேட்கிறது. இறால் பண்ணையில் மோட்டார் ஓடுகிற சத்தம், அதற்கு நடுவில் அந்த அம்மாவின் குரல், தாயி, சாப்புட்டியா என்று கேட்கிறார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறேன். நாளைக்கு மெட்ராசுக்கு வரச் சொல்லி, பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், எங்கள் ஆட்டத்தில் பிடிப்பது என்றால் என்ன என்று, மடியில் போட்டுக்கொள்வது இல்லை என்று, பாட்டு அவளுடையது இல்லை என்று, யார் ஓட்டினார் என்று. மோட்டார் சத்தம் நின்றுவிடுகிறது. நிறுத்தச் சொல்லியிருப்பார்.

"அப்ப எம் புள்ள உசுரு போவறப்ப, நீ வுடல."

"வுடலம்மா."

"ஒனக்குத் தெரிஞ்சுதா."

தெரியவில்லை என்று சொல்லலாம். காதில் பாட்டு இருந்தது, சத்தம், நெரிசல், யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள், இந்த அம்மாவும் ஒத்துக்கொள்வார், நாளைக்கு அந்த ஆளை மட்டும் மாட்டிவிட்டு நான் தோழியாகவே இருந்துவிடலாம். "கைக்குத் தெரிஞ்சுதும்மா. நான் நம்பல" என்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்கிறது, இழுக்கிறார், விடுகிறார், இழுக்கிறார். திட்டட்டும் என்று காத்திருக்கிறேன். அப்போது இடது கையில் சுண்டுவிரல் பிரிகிறது, வலியே இல்லை, அடுத்தது, அதற்கடுத்தது, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி ஒவ்வொன்றாக மலர்ந்துகொண்டு போகிறது. போன் மடியில் நழுவுகிறது. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கிக் காதில் வைத்து அழுத்திக்கொள்கிறேன்.

"மொதல்லேருந்து சொல்லு" என்கிறார் அஞ்சலாட்சி.